அன்று பொட்டு மெலிந்திருந்தது

"உருகிடுச்சு சார். எடுத்துக்க முடியாது."

"உருகினா என்ன மேடம்? ஐஸ்கிரீம்தானே... மறுபடியும் ஃப்ரீசர்ல வெச்சா கெட்டியாகிடப் போகுது!"

"வெளியில அது ஐஸ்கிரீம். இந்தக் கவுண்டருக்கு வந்துட்டா சாம்பிள். சாம்பிள் உருகக் கூடாது."

தெர்மாமீட்டரை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிளஸ் மூன்று. மைனஸில் இருக்க வேண்டியது. அவன் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்...

அப்போதுதான் அவளும் பார்த்தாள். வெளியே கொட்டுகிற மழையில் பாதியைத் தலையில் சுமந்துகொண்டு வந்திருந்தான். கண் இமையில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அந்தக் கண்களில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் கெஞ்சலும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க ஒருவனால் எப்படி முடிகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"மணி மூணு அம்பத்தஞ்சு. நாலுக்குக் கவுண்டர் மூடிடுவோம். அடுத்த வாரம் வாங்க."

"ஃபேக்டரிக்குப் போய்ட்டு வர அரை மணி நேரம் மேடம். கொஞ்சம் பொறுத்தா..."

"ரூல்ஸ் சார்."

"ரூல்ஸ் பேசறதுக்குன்னே ஒரு மூஞ்சி வேணும். உங்களுக்கு நல்லா அமைஞ்சிருக்கு!"

சொல்லிவிட்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போயே விட்டான். என்ன திமிர்! அவளுக்குக் காது மடல் சுட்டது. பக்கத்து மேஜைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இனி அவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கட்டும், பார்க்கலாம் என்று மனசுக்குள் கறுவினாள்.

கறுவினாளே தவிர, நாலு மணிக்கு ஷட்டரை இறக்கவில்லை. ஏதோ ஃபைலைத் தேடினாள். தேடின ஃபைல் கையிலேயே இருந்தது.

நாலு இருபத்தஞ்சுக்கு வந்தான். அவன் போட்டிருக்க வேண்டிய ரெயின்கோட் ஐஸ்பெட்டிக்குப் போர்த்தியிருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவன் மட்டும் தெப்பமாக நனைந்து நின்றான்.

"சாம்பிளுக்கு ரெயின்கோட்டா?"

"எனக்கு உருகற பயம் இல்லையே மேடம்."

பொய். அப்போதே கொஞ்சம் உருகித்தான் இருந்தான். அவளும்தான். தெர்மாமீட்டர் மைனஸ் பன்னிரண்டு காட்டியது.

அவன் அப்பாவுக்கு ஒரு சின்ன ஐஸ்கிரீம் ஃபேக்டரி. க்ரீம் கடைகிற மெஷின் ஒன்று, வேலையாட்கள் ஆறு பேர், மகன் ஒருவன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்த வாரத்துத் தயாரிப்பில் ஒரு டப்பாவை இந்த லேபில் கொடுத்துப் பார்க்க வேண்டும். கிருமி இல்லை என்று பேப்பர் வந்த பிறகுதான் கடைகளுக்குப் போகும்.

"எப்ப பேப்பர் வரும்?"

"ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா! அதுக்குள்ள கடைக்காரங்க என்னையே கடிச்சுத் தின்னுடுவாங்க."

"கிருமிக்குத் தீனி போட்டு, வளர விட்டு, தட்டுல பூசி, மறுபடி வளர விட்டு, அது அதுதானான்னு உறுதி பண்ணணும் சார். குளிர்லயே குடித்தனம் பண்ற கிருமி அது. லிஸ்டீரியான்னு பேரு. ஃப்ரீசருக்கெல்லாம் அசையாது." கொஞ்சம் தயங்கினாள். "நான் ஒரு புது முறை பண்ணிட்டிருக்கேன். அதுல மறுநாளே தெரிஞ்சுடும். ஆனா அது ட்ரையல்லதான் இருக்கு..."

அவன் கேட்டுவிட்டான். யாரும் அவளிடம் அதைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டதே இல்லை. அவன் கேட்டான். அப்புறம் அவளை நிறுத்த முடியுமா? ஐஸ்கிரீமை உருக்கி எடுத்த கால் லிட்டர் பாலில் துருநிறத்துப் பொடி மணிகளைப் போடுவாள். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத மணிகள். ஒவ்வொன்றின் மேலும் அந்த ஒரு கிருமியை மட்டும் பிடித்துக்கொள்கிற பூச்சு. மணிக்குள் இரும்பு. டியூபின் பக்கத்தில் காந்தத்தை வைத்துப் பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் காத்திருந்தால், மணிகள் எல்லாம் கிருமியோடு சுவரில் வந்து ஒட்டும். பழுப்பாக, ஒரு பொட்டு மாதிரி. பாலைக் கொட்டிவிட்டு அந்தப் பொட்டை மட்டும் ஒரு துளி நீரில் கரைத்து மெஷினில் வைத்தால், மறுநாள் காலையில் பதில்.

"கால் லிட்டர்ல பத்தே பத்துப் பேர் ஒளிஞ்சிருந்தா தேடறது கஷ்டம். அந்தப் பத்துப் பேரையும் ஒரு துளிக்குள்ள கூட்டிட்டு வந்துட்டா?"

"ஓ... ஊரெல்லாம் அலையாம, எல்லாரையும் ஒரே ரூமுக்கு வரவழைச்சு விசாரிக்கறீங்க! உங்களுக்கு மாமியார் வேலை நல்லா வரும் மேடம்."

அவள் சிரித்துவிட்டாள். ரூல்ஸ் பேசுகிற மூஞ்சி அப்படிச் சிரிக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போல. பேனாவை மறந்து வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகள் வந்தன. சும்மா வரவில்லை... திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்தே வர ஆரம்பித்தன. "உன் செவ்வாய்க்கிழமை வந்தாச்சுடி" என்பாள் பக்கத்து மேஜைக்காரி. அவன் ஃபோனில் அவள் பெயர் 'காந்தம்' என்று இருந்தது. பெட்டியைக் கைமாற்றும்போது விரல் பட்டால் இரண்டு பேரும் பெட்டியைப் பார்ப்பார்கள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டு, அவள் காந்தம் வைத்திருக்கிற பத்து நிமிடத்தையும் வாட்ச் பார்த்து எண்ணுவான். ஒன்பதாவது நிமிடத்தில் புருவத்தைத் தூக்குவான். பத்தில் கட்டைவிரலைக் காட்டுவான்.

லேபில் ஒரு கண்டிப்பான ரூல் உண்டு. பேப்பர் கையெழுத்தாகும் முன் ஃபோனில் வாய் திறக்கக் கூடாது. அதிலும் ட்ரையல் ரிசல்ட்டைப் பற்றி மூச்சே விடக் கூடாது. ஐம்பது சாம்பிளில் புது முறையும் பழைய முறையும் ஒரே பதிலைச் சொன்னால்தான் மேனேஜர் அதை மேலே அனுப்புவார். இரண்டு வருஷ உழைப்பு அது. அப்படிப்பட்டவள், இரண்டாவது புதன்கிழமையே ஃபோனை எடுத்து, "சுத்தம்" என்றாள். ஒரே ஒரு வார்த்தை. அவன் குரலைக் கேட்க வேறு சாக்கு இல்லை. என்ன செய்வாள், சொல்லுங்கள்?

"அக்கா ரொம்ப சந்தோஷப்படுவா" என்றான் அவன்.

அவனுடைய அக்காவுக்கு ஏழாவது மாசம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து நின்ற முதல் குழந்தை. அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, ஸ்கூலுக்கு அனுப்பினவள் அந்த அக்காதான். வீடு ஃபேக்டரிக்கு அடுத்த தெரு. ஐஸ்கிரீம் என்றால் அவளுக்கு உயிர். டாக்டர் பயமுறுத்தி வைத்திருந்ததால், எதை நீட்டினாலும் ஒரே கேள்வி. "லேப் பொண்ணு பார்த்தாச்சா?"

"உங்களை அவ பார்த்ததே இல்ல. ஆனா நீங்க சரின்னாத்தான் அவளுக்குச் சரி. எங்க வீட்ல எனக்கில்லாத மரியாதை உங்களுக்கு!"

அதைக் கேட்டு அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தி, வயிற்றில் ஒரு உயிரை வைத்துக்கொண்டு, தன் வார்த்தைக்காக ஸ்பூனைக் கையில் பிடித்தபடி காத்திருக்கிறாள்... இதைவிட என்ன வேண்டும்? கதை இப்படியே போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். எனக்கும் இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

ஆறாவது செவ்வாய்க்கிழமை சாக்லேட். வழக்கத்தைவிட க்ரீம் அதிகம், அக்கா கேட்டுச் செய்தது.

பெட்டியை வைத்துவிட்டு அவன் போகவில்லை. "நாளைக்கு ஃபோன் பண்ணுவீங்கல்ல... ரிசல்ட் சொன்ன கையோட வெச்சுடாதீங்க. நான் ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"நாளைக்கு."

அன்று ஃபேக்டரியில் மெஷின் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான். கண்ணாடிக்கு வெளியே வாட்ச் பார்க்க ஆள் இல்லை. அவள் காந்தத்தை வைத்தாள். நாளைக்கு என்ன கேட்பான்... எப்படிக் கேட்பான்... நான் உடனே சொல்லிவிடலாமா, இரண்டு நாள் அலையவிடலாமா... கடிகாரத்தைப் பார்த்தபோது பத்து நிமிடம் ஆகியிருந்தது. டியூபைத் தூக்கிப் பார்த்தாள்.

பொட்டு மெலிந்திருந்தது.

எப்போதும் மிளகு அளவுக்கு இருக்கும். அன்றைக்குப் பென்சிலால் தொட்ட மாதிரி இருந்தது. சாக்லேட் அல்லவா, பழுப்பு மேல் பழுப்பு, அதனால் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொட்டு மெலிந்தால் இரண்டாவது பங்கை எடுத்துத் திரும்பச் செய்ய வேண்டும். அவளே எழுதிய முறை. இரண்டாவது பங்கு ஃப்ரீசரில் இருந்தது. ஆனால் முதலிலிருந்து செய்தால் இன்றைக்கு மெஷினில் இடம் கிடைக்காது. புதன்கிழமை காலை ஃபோன் வியாழக்கிழமை ஆகிவிடும்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் பொறுக்க முடியவில்லை அவளால்.

பாலை சிங்க்கில் கொட்டினாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

புதன்கிழமை காலை, "சுத்தம்" என்றாள்.

"அப்பாடா!" என்றான் அவன். அந்த அப்பாடா வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. ஆசையில் வந்த நீளம் என்று நினைத்துக்கொண்டாள்.

"என்னமோ கேக்கணும்னீங்களே..."

"ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு வர்றீங்களா? அக்கா உங்களைப் பார்க்கணுமாம். அக்கா மட்டும் இல்ல... வாங்களேன். மீதியை அங்க கேக்கறேன்."

"யோசிச்சு சொல்றேன்" என்றாள். பச்சைப் புடவையா, நீலப் புடவையா என்பதுதான் அந்த யோசனை.

சனிக்கிழமை அவனிடமிருந்து செய்தி வந்தது. அக்காவுக்குக் காய்ச்சலாம். மழையில் நனைந்ததாக இருக்கும், அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று எழுதியிருந்தான். நீலப் புடவையை மடித்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, பழைய முறைத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஏழு புள்ளிகள். பச்சை கலந்த நீலம். ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு வளையம். இந்த நிறத்தை அவள் பாடப் படத்திலும், வேண்டுமென்றே கிருமி கலந்த தட்டுகளிலும்தான் பார்த்திருந்தாள். தட்டின் ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: சாக்லேட்.

ஃபோன் நான்கு தடவை அடித்த பிறகு எடுத்தான். "ஆஸ்பத்திரியில இருக்கோம். அக்காவுக்கு..."

"டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க. லிஸ்டீரியா. அந்தச் சாக்லேட்ல இருக்கு. எழுதிக்குங்க... பேர் சொல்றேன், எழுதிக்குங்க, ப்ளீஸ்..."

"நீங்க சுத்தம்னு சொன்னீங்களே..."

"எழுதிக்குங்க!"

எழுதிக்கொண்டான். உள்ளங்கையில் எழுதினானாம். மூன்று நாள் அந்த மை போகவில்லையாம். டாக்டர் படித்துவிட்டு, "முதல் நாளே இது தெரிஞ்சிருந்தா வேற மருந்து ஆரம்பிச்சிருப்பேனே" என்றார்.

அன்று மாலை குழந்தை பிறந்தது. அழவில்லை. பெண் குழந்தை.

வெள்ளிக்கிழமை அப்பாவும் மகனும் லேபுக்கு வந்தார்கள். மேனேஜர் அறையில் அவளைக் கூப்பிட்டார்கள். ஐஸ்கிரீம் ஃபேக்டரிக்காரர் கனத்த மனிதர், கனத்த குரல். அன்றைக்குக் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"சுத்தம்னு சொன்னது இந்தப் பொண்ணுதானே? வயித்துப்பிள்ளைக்காரி இவ பேச்சை நம்பித்தானே சாப்பிட்டா? பெத்த வயிறு பத்தி எரியுதும்மா அங்க... நல்லா இருப்பியா நீ?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். ஒரு வார்த்தை... 'விடுங்கப்பா' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் அந்த இடத்திலேயே விழுந்து அழுதிருப்பாள். எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்.

"நீங்க சொன்னதாலதான் குடுத்தோம்" என்றான் அவன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"நான் சொன்னது ட்ரையல் ரிசல்ட்" என்றாள். குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது. "பேப்பர் வர்ற வரைக்கும் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்ட ஃபாரத்துலயே இருக்கு. ரெண்டாவது பக்கம்."

ரூல்ஸ் பேசுகிற மூஞ்சி. அவன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை, எதுவுமே இல்லை. அப்பாவின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

"நீ சொன்னது சரிதான்டி" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"சரிதான். அதான்டி பிரச்சினை."

ஃபோனில் வாய் திறந்ததற்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. புது முறையை மேனேஜர் நிறுத்திவைத்தார். முப்பத்தாறாவது சாம்பிளில் புது முறை 'இல்லை' என்றது, பழைய முறை 'உண்டு' என்றது, அவ்வளவுதான் கணக்கு. மணிகள் இருந்த பாட்டில் ஃப்ரிட்ஜின் கடைசித் தட்டுக்குப் போனது.

அவளால் விட முடியவில்லை. ஃப்ரீசரில் இருந்த அந்த இரண்டாவது பங்கை எடுத்து உருக்கினாள். மணிகளைப் போட்டாள். பத்து நிமிடம். பொட்டு மெலிந்திருந்தது. இந்தத் தடவை பாலைக் கொட்டாமல் ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அதன் பக்கத்தில் இன்னொரு காந்தத்தை வைத்தாள். மேலே மிதந்த கொழுப்புப் படலத்திலிருந்து பழுப்பாக ஒரு நூல் மெதுவாகப் பிரிந்து வந்தது... வந்துகொண்டே இருந்தது. மணிகள் கிருமியைப் பிடிக்காமல் விடவில்லை. நன்றாகவே பிடித்திருந்தன. பிடித்துக்கொண்டே போய் க்ரீமில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள்தான் அவற்றை சிங்க்கில் கொட்டிக் குழாயையும் திறந்துவிட்டாள்.

மெஷின் மறுநாள் 'உண்டு' என்றது. புதன்கிழமையே தெரிந்திருக்கும். தவறிப்போனாலும் வியாழக்கிழமை. சனிக்கிழமை காய்ச்சல் வந்தபோது யாரும் மழையின் மேல் பழி போட்டிருக்க மாட்டார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். தேதி போட்டாள். யாரிடம் காட்டுவது? அவன் எண்ணை எடுப்பாள், வைப்பாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைப்பாள். அம்மா, "என்னடி, யாராவது என்னமோ சொன்னாங்களா?" என்று கேட்டால், "இல்லம்மா" என்பாள். அந்தப் பொட்டைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஏழு செவ்வாய்க்கிழமைகள் வந்தன. மூன்று ஐம்பத்தைந்துக்குக் கவுண்டரைப் பார்ப்பாள். நாலுக்கு ஷட்டரை இறக்குவாள்.

எட்டாவது செவ்வாய்க்கிழமை மழை. மூன்று ஐம்பத்தைந்து.

தாடி வைத்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது. ஐஸ்பெட்டியைக் கவுண்டரில் வைத்தான்.

அவள் பழக்கத்தில் தெர்மாமீட்டரை எடுத்தாள்.

"உருகறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றான். "கழுவின தண்ணி. மெஷினைப் பாகம் பாகமாக் கழட்டி, ஒவ்வொண்ணையும் தனியாக் கழுவி எடுத்துட்டு வந்திருக்கேன். அப்பா ஃபேக்டரியை மூடிட்டார். வியாழக்கிழமை மெஷினைப் பழைய இரும்புக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதுக்கு முன்னாடி அது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்." நிறுத்தினான். "பழைய முறையில ஒரு வாரம் ஆகும். எனக்கு ஒரு வாரம் இல்ல."

ஆறு பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்து. குழாய். கத்தி. மூடி. மூடியின் ரப்பர் வளையம். தொட்டி. மெஷினுக்கு அடியில் இருந்த தரை ஓட்டை.

நிறுத்திவைத்த முறை. மேனேஜரின் கதவைத் தட்டி உள்ளே போனாள். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும்... அந்த நோட்டுப் புத்தகத்தை அவர் மேஜையில் விரித்து வைத்துவிட்டு வந்தாள். அவர் அதைப் படித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"உள்ள வாங்க" என்றாள் அவனிடம். முதல் தடவையாக அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தான்.

ஆறு பாட்டிலையும் மணிகளோடு சுழலவிட்டாள். அரை மணி நேரம். மழை மட்டும் சளசளவென்று பேசிக்கொண்டே இருந்தது. பிறகு ஆறு டியூபையும் காந்தத்தில் வரிசையாக மாட்டினாள்.

"பத்து நிமிஷம்" என்றாள்.

அவன் வாட்ச்சைப் பார்த்தான். பழக்கம்.

"அன்னிக்கு..." அவள் டியூபைப் பார்த்தே பேசினாள். முகத்தைப் பார்த்தால் வராது. "அன்னிக்குப் பொட்டு மெலிசா இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கொட்டினேன். திரும்பப் பண்ணியிருக்கணும். பண்ணினா உங்களுக்கு ஃபோன் பண்ண ஒரு நாள் தள்ளிப்போயிடும்... நீங்க என்னமோ கேக்கறேன்னு சொன்னீங்க. அதைக் கேக்கற அவசரம் எனக்கு. கிருமி அந்தப் பால்லதான் இருந்துச்சு. என் மணி அதைப் பிடிச்சுக் குடுத்துச்சு. நான்தான் கீழ கொட்டினேன். அப்புறம் உங்க அப்பா முன்னாடி ஃபாரத்துல ரெண்டாவது பக்கம்னு..."

அதற்குமேல் முடியவில்லை. புறங்கையால் வாயை அழுத்திக்கொண்டாள்.

அவன் டியூபைப் பார்த்துக்கொண்டே, "திரும்பப் பண்ணியிருந்தா வியாழக்கிழமை தெரிஞ்சிருக்குமா?" என்றான்.

"தெரிஞ்சிருக்கும்."

"சனிக்கிழமை காய்ச்சல் வந்தப்பவே..."

"ஆமா."

மூன்றாவது நிமிடம். நாலாவது நிமிடம். அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். போனால் சரிதான் என்றும் நினைத்தாள்.

"நான் ஒரு பொய் சொன்னேன்" என்றான். "உங்க மேனேஜர் ரூம்ல. நீங்க சொன்னதாலதான் குடுத்தோம்னு."

அவள் திரும்பினாள்.

"அக்கா அதை புதன்கிழமை சாப்பிடல. செவ்வாய்க்கிழமையே சாப்பிட்டா. இங்க சாம்பிள் குடுக்க வர்ற வழியில வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தேன். ஒரு கப் நீட்டினேன். வழக்கம்போல, 'லேப் பொண்ணு பார்த்தாச்சா?'ன்னா." அவன் குரல் எங்கோ போய்விட்டு வந்தது. "ஆச்சுன்னு சொன்னேன். சாம்பிள் பெட்டி என் கையிலேயே இருந்துச்சு. அஞ்சு வாரமும் சுத்தம்தானே, இன்னிக்கு மட்டும் என்ன வந்துடப் போகுதுன்னு நினைச்சேன். அவ முகத்துல அந்தச் சிரிப்பைப் பார்க்கணும்னு ஆசை. அவ்வளவுதான். மறுநாள் நீங்க சுத்தம்னதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

அந்த நீளமான அப்பாடா. இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அப்பா உங்களைத் திட்டினார். நான் நின்னு பார்த்துட்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தா அந்தத் திட்டு எனக்கு வந்திருக்கும். ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உங்க தலையில போட்டேன்." கண்ணைத் துடைக்காமலே பேசினான். "நேத்து அக்காகிட்ட சொல்லிட்டேன். எல்லாத்தையும்."

"என்ன சொன்னாங்க?"

"அழல. திட்டல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. ரொம்ப நேரம் கழிச்சு, 'அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?'ன்னு கேட்டா. இல்லன்னேன். 'முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு. இத்தனை நாளும் அவ தூங்கியிருக்க மாட்டா'ன்னா." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பேசுவாளான்னும் தெரியல."

அவள் அழுதாள். எட்டு வாரமாக வராத அழுகை, சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்க வந்தது. அவன் கையை நீட்டவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. நடுவில் ஆறு டியூப்கள் இருந்தன.

"அன்னிக்குக் கேக்கணும்னு நினைச்சது..." என்றான். "என்னைக் கட்டிக்கறீங்களான்னு. அக்கா முன்னாடி கேக்கணும்னு ஆசைப்பட்டேன். இப்ப கேக்கற யோக்கியதை எனக்கு இல்ல. சும்மா... உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்."

"பதில் சொல்ற யோக்கியதை எனக்கும் இல்ல" என்றாள். "ஆனா... சரின்னுதான் சொல்லியிருப்பேன். யோசிக்கறேன்னுகூடச் சொல்லியிருக்க மாட்டேன்."

"இப்ப?"

"இப்பவும் சரிதான். அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியல."

"எனக்கும் தெரியல."

வாட்ச்சைப் பார்த்தான். "பத்து" என்றான். கட்டைவிரலைக் காட்டவில்லை.

ஆறு டியூபையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பொட்டு மிளகு அளவுக்கு இருந்தது. இருந்தும் தண்ணீரை சிங்க்கில் கொட்டவில்லை. ஆறு பாத்திரத்தில் ஊற்றி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இன்னொரு காந்தத்தை வைத்தாள். இன்னொரு பத்து நிமிடம் என்றாள். அவன் மறுபடியும் வாட்ச்சைப் பார்க்க ஆரம்பித்தான்.

புதன்கிழமை காலை ஃபோன் செய்தாள்.

"ரப்பர் வளையம்" என்றாள். "மத்த அஞ்சுலயும் இல்ல. வளையத்துல மட்டும்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"என் கட்டைவிரல் தடிமன்கூட இருக்காது அது" என்றான்.

"தெரியும்."

இருவருக்கும் ஃபோனை வைக்கத் தோன்றவில்லை.

"ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு வர்றீங்களா?" என்றான்.

"வந்து... என்ன சொல்றது?"

"பொட்டு மெலிசா இருந்ததைச் சொல்லுங்க. என்கிட்ட சொன்ன மாதிரியே. அவ கதவைச் சாத்தினாலும் சாத்திடுவா. எங்க அப்பா என்ன பேசுவார்னு எனக்குத் தெரியாது. நான் உங்க பக்கத்துல நிப்பேன். இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்க மாட்டேன்."

எந்தப் புடவை என்று அவளுக்கு நினைப்பே வரவில்லை.

"வர்றேன்" என்றாள்.